சனியாக நடந்த ராசாத்தாள்

ஒரே பகலில் சூரியனை ஆயிரம் தடவை சுற்றிவந்த பெண்பிள்ளை கோயமுத்தூர் ஜில்லாவில் நான் ஒருத்திதான். இதில் கொஞ்சம் புளுகு உண்டு என்று இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆயிரம் இல்லை, முந்நூற்று அறுபது. சுற்றியதும் வானத்துச் சூரியனை அல்ல, கருக்கம்பாளையத்துப் பொதுக்களத்தின் நடுவே நட்டிருந்த வேலமரக் கம்பத்தை. ஆனால் சுற்றினேன் என்பது சத்தியம். என்னைச் சுற்ற வைத்தவர் ராசாத்தாள். இது அவர் கதை.

கருக்கம்பாளையம் பீளமேட்டுக்கு வடக்கே நாலு மைல். மில் சங்கு ஊதினால் காதில் கேட்கும், மில் சம்பளம் மட்டும் வந்து சேராது, அவ்வளவு தூரம். அங்கே பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியார் வேலை. பீளமேட்டு நாயுடு வீட்டுப் பெண், காலேஜ் படித்தவள், அறிவியல் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று எனக்கே ஒரு நினைப்பு. ராசாத்தாள் வீட்டுக் கடைசி அறையில் குடியிருந்தேன். அவர் எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர். ஒல்லி உடம்பு, நீளமான கால். நடந்தால் பக்கத்தில் வருகிறவர்கள் ஓடத்தான் வேண்டும். ஒருமுறை சந்தைக்குப் போகும்போது பஸ்ஸை அவர் முந்திவிட்டார் என்று நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பஸ் பஞ்சராகி நின்றிருந்தது என்பதைச் சொல்வதில்லை.

ஐந்தாம் வகுப்போடு அவரை நிறுத்திவிட்டார்கள். பதினேழில் கல்யாணம், இருபத்தெட்டில் கணவர் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். மிஞ்சியது ஒரு பெண் குழந்தை, கண் மங்கிப்போன மாமியார் சென்னியம்மாள், சாம்பல் நிற மயிலைப் பசு ஒன்று, ஒரு கால் நொண்டும் கிழட்டு எருது ஒன்று, நாலு ஏக்கர் காடு. காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை. மழையை நம்பி விதைக்கிற நிலத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

மாமியாருக்குத் தினமும் பஞ்சாங்கம் கேட்டாக வேண்டும். எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டுவது ராசாத்தாளின் வேலை. நல்ல நேரம், கெட்ட நேரம் எல்லாம் மாமியாருக்கு. ராசாத்தாளுக்குப் பிடித்தது வேறு. குரு எந்த வீட்டில் இருக்கிறான், சனி எப்போது அடுத்த வீட்டுக்கு நகருகிறான் என்பதைப் பார்த்து, அது சரிதானா என்று வாசலில் நின்று வானத்திலும் பார்ப்பார். "போன வருசம் இந்நேரம் குரு அந்த ஒத்தப் பனைக்கு அக்கட்டால இருந்தானுங்க. இப்ப இக்கட்டால வந்துட்டான்" என்பார், ஊருக்குப் புதிதாக வந்த ஆளைச் சொல்வதுபோல.

1962 தை மாதம். அஷ்டகிரகம் கூடப் போகிறது என்று நாடு முழுக்க ஒரே பேச்சு. தை இருபத்தொன்றிலிருந்து மூன்று நாள் சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், செவ்வாய், குரு, சனி, கேது எட்டும் மகர ராசியில் கூடும், உலகம் அழியும். சிலர் ஆட்டையும் மாட்டையும் விற்றுக் கறியும் சோறுமாகத் தின்றார்கள். அழியப்போகிற உலகத்தில் ஆடு வாங்கியவன் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

எங்கள் ஊருக்கு மேட்டுப்பாளையம் பக்கமிருந்து ஒரு ஜோசியர் வந்துபோனார். தை பத்தொன்பது முதல் இருபத்துநாலு வரைக்கும் ஏர் பூட்டக் கூடாது, தாம்பு பிணைக்கக் கூடாது, மீறினால் பிணைத்த மாடு செத்துவிடும் என்று சொல்லிவிட்டார். தாம்பு என்பது வேறொன்றுமில்லை. களத்தில் நடுக்கம்பத்தைச் சுற்றிக் கதிரைப் பரப்பி, நாலைந்து மாடுகளை ஒரே கயிற்றில் வரிசையாகப் பிணைத்துச் சுற்றிச் சுற்றி மிதிக்க விடுவார்கள். மிதிபட்டு மணி உதிரும்.

களம் ஊருக்கே ஒன்றுதான். பொங்கல் முடிந்ததும் சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த நாள் என்று முறை போடுவார்கள். ராசாத்தாளுக்கு விழுந்தது தை இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. வெள்ளி, சனி, ஞாயிறு. முறையை விட்டால் கடைசிக்குப் போக வேண்டும், மாசி பாதி ஆகிவிடும். அதற்குள், எப்போதும் தை மாதத்தில் வராத ஒரு தூறல் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துதொலைத்தது. அறுத்துக் குவித்திருந்த சோளக்கதிர்ப் போர் நனைந்துபோனது.

இதற்கு மேல் ஒரு தலைவலி, பாலுசாமி. ராசாத்தாளின் கணவருக்குச் சித்தப்பா. ஆறடி ஆள், அகலமான துண்டு, ஊரிலேயே பெரிய காங்கேயம் காளை ஜோடி. கெட்டவர் இல்லை. ஆனால் பெண்பிள்ளை காடு பார்ப்பது அவருக்கு ஒத்துவரவில்லை. போன வருஷம் ராசாத்தாளுக்கு விளைச்சல் பாதியாகிவிட்டது. "இந்த வருசமும் கதிரு ஊடு வந்து சேரலைன்னா, காட்டை நான் பாத்துக்கறேன் அம்மணி. நீ ஊட்டோட இரு" என்று ஊர் நாலு பேருக்கு முன்னால் சொல்லிவைத்திருந்தார். அப்படிப் போன காடு திரும்பி வராது என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்த இடத்தில்தான் நான் என் படிப்பைக் காட்டினேன்.

புதன்கிழமை சாயங்காலம் களத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடிப் பயந்துகொண்டிருந்தார்கள். நான் நடுவில் போய் நின்று, "பயப்படாதீங்க. கிரகம் எல்லாம் சூரியனைச் சுத்துதுங்க. எப்படின்னா, இதோ, தாம்பு மாடு மாதிரி. நடுக்கம்பம் சூரியன். உள்மாடு புதன், அடுத்தது சுக்கிரன், அப்புறம் நம்ம பூமி, செவ்வாய், குரு, கடைசி மாடு சனி" என்று கையை நீட்டிச் சொன்னேன். உள்ளூர் உவமை. எனக்கே என் மேல் பெருமை தாங்கவில்லை.

பெண்கள் பக்கமிருந்து ராசாத்தாள் குரல் வந்தது. "ஏனுங்க டீச்சர், எல்லாம் ஒரே கயித்துலீங்களா?"

"ஆமாங்க்கா" என்றேன், யோசிக்காமல்.

"அப்ப எந்நேரமும் ஒரே வரிசையிலதான இருக்கோணும்? தினமும் அஷ்டகிரகந்தானுங்களே?"

நீட்டிய கையை நான் மடக்குவதற்குள் கூட்டம் முந்திக்கொண்டது. செவலைக்காளை வைத்திருந்த நஞ்சுண்டன், "டீச்சரே சொல்லிப்போட்டாங்க. மேல அதுகளைப் பிணைச்சுக் கட்டியிருக்குது. கீழ நாம மாட்டைப் பிணைச்சா சும்மா உடுமா?" என்று கிளம்பிவிட்டார். அதுவரைக்கும் பாதி மனசாக இருந்தவர்களும் மாடு தர மாட்டோம் என்றார்கள். பயத்தைப் போக்கப் போனவள் பயத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தால், ராசாத்தாள் போர் பக்கத்தில் முழங்கை வரை கையை உள்ளே விட்டு நிற்கிறார். "வாங்க, கைய உட்டுப் பாருங்க" என்றார். விட்டேன். வெளியே பனி, உள்ளே சோற்றுப்பானை மாதிரி சூடு. நனைந்த கதிர் அப்படித்தான், உள்ளுக்குள் வெந்து பூசணம் பிடித்து முளைவிட்டுவிடும்.

"எத்தனை நாள் தாங்கும் அக்கா?"

"ஞாயித்துக்கெழம வரைக்கும் தாங்காதுங்க."

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. கையைத் தட்டிவிட்டு, "அழுவாச்சி அப்புறமேட்டுக்கு. உங்க புஸ்தகத்தை எடுத்துட்டு வாங்க" என்றார்.

மயிலைப் பசுவுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டே அவர் என்னைக் கேட்ட கேள்விகளைக் காலேஜில் யாரும் கேட்டதில்லை.

"தாம்புல கடைசி மாடு ஓடோணும். உள்மாடு நின்ன எடத்துல திரும்புனாப் போதும். அதனாலதான் கெழட்டு மாட்ட உள்ள கட்டறது. உங்க கணக்குல கடைசி மாடு சனி. அவன் ஓடறானுங்களா? பஞ்சாங்கத்துல சனி ஒரு ஊட்டைத் தாண்ட ரெண்டரை வருசம். பன்னெண்டு ஊட்டுக்கு முப்பது வருசம். குரு வருசத்துக்கு ஒரு ஊடு, பன்னெண்டு வருசம். கடைசியில இருக்கறவன்தானுங்க நொண்டி. உள்ள இருக்கறவன் ஓடறான். தாம்புக்கு நேர்மாறு."

புத்தகத்தைப் புரட்டினேன். புதனுக்கு ஒரு சுற்று எண்பத்தெட்டு நாள், சுக்கிரனுக்கு இருநூற்று இருபத்தைந்து, நமக்கு ஒரு வருஷம், செவ்வாய்க்கு இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு, குருவுக்குப் பன்னிரண்டு, சனிக்கு இருபத்தொன்பதரை. மாமியாருக்குப் படித்துக் காட்டிய பஞ்சாங்கத்திலிருந்து அவர் போட்ட கணக்கு அரை வருஷம்தான் தப்பு.

"அப்ப கயிறே இல்லீங்களா?"

"கயிறு இருக்குங்க அக்கா. கண்ணுக்குத் தெரியாது. சூரியன் எல்லாத்தையும் தன் பக்கம் இழுக்குது. ஆனா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிக் கயிறு. கிட்ட இருக்கறதை நெம்ப இழுக்கும். அது வேகமா ஓடலைன்னா சூரியனுக்குள்ளயே போய் விழுந்துரும். தூரத்துல இருக்கறதுக்கு இழுப்பு கம்மி. மெதுவா நடந்தாப் போதும்."

ராசாத்தாள் தட்டுக் கட்டைக் கீழே வைத்தார். "நின்னா விழுந்துருவான். அதுக்காக நிக்காம ஓடறான்." பசுவின் கழுத்தைத் தடவினார். பிறகு, "என்னாட்டந்தானுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தட்டை எடுத்தார்.

அதற்கப்புறம் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. "ஜோசியரு என்ன சொன்னாருங்க? தாம்பு பிணைக்கக் கூடாதுன்னுதான? மாட்டைப் பிணைக்காம நடத்துனா?"

சனிக்கிழமை வெடியால, சூரியன் கிளம்பும்போதே, ஊரே களத்தில் இருந்தது. டீச்சர் அஷ்டகிரகத்தைக் களத்தில் கொண்டுவந்து காட்டப் போகிறார் என்று ராசாத்தாள் வெள்ளிக்கிழமை முழுக்க வீடு வீடாகச் சொல்லியிருந்தார். வானத்தில் பார்க்க முடியாது என்பதும் சேர்ந்துகொண்டது. கூடுகிற கிரகம் எல்லாம் சூரியன் பக்கத்திலேயே இருந்ததால் பகல் வெளிச்சத்துக்குள் மறைந்துவிட்டன. உலகத்தை அழிக்க வருகிறவனைக் கண்ணாலாவது பார்க்க வேண்டாமா? வேலை செய்தால்தான் குற்றம், வேடிக்கை பார்த்தால் என்ன என்று வந்துவிட்டார்கள்.

நடுக்கம்பத்தின் உச்சியில் ராசாத்தாள் பித்தளைச் சொம்பைக் கவிழ்த்திருந்தார், அது சூரியன். கம்பத்திலிருந்து இரண்டு எட்டு வைத்தால் புதன், மூன்றரையில் சுக்கிரன், ஐந்தில் பூமி, ஏழரையில் செவ்வாய். இந்த அளவெல்லாம் நான் புத்தகத்தைப் பார்த்துப் போட்டது, பொய்யில்லை. அதே அளவில் குருவுக்கு இருபத்தாறு எட்டு, களத்தின் ஓரம் வந்துவிடும். சனிக்கு நாற்பத்தெட்டு. களத்தைத் தாண்டி, சோளம் அறுத்த காட்டுக்குள். கம்பத்துக்கும் செவ்வாய்க்கும் நடுவே கதிரைக் கனமாகப் பரப்பியிருந்தார்.

"இதெதுக்கு அம்மணி கதிரு?" என்றார் பாலுசாமி.

"ஆகாசமுங்க மாமா. நட்சத்திரம் வேணுமில்லீங்களா?"

பாலுசாமி நெற்றியைச் சுருக்கினார். அவர் வாயைத் திறப்பதற்குள் ராசாத்தாள், "குருவா நடக்கறதுக்கு நெம்பப் பெரியவங்க வேணும். இந்த ஊருல உங்களை உட்டா யாருங்க மாமா?" என்றார். பாலுசாமி துண்டைச் சரிசெய்துகொண்டார். குரு என்றால் சும்மாவா? காங்கேயம் ஜோடியை ஓட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

ஜோடி வந்ததும் ராசாத்தாள் தயங்கித் தயங்கி, "ஏனுங்க மாமா, குரு ஒரு சுத்துச் சுத்தப் பன்னெண்டு வருசம். நீங்க நிதானமா எட்டு வைக்கோணும். காளைங்க அத்தனை பொறுமையா நிக்குமுங்களா? உள்ள ஓடறவங்களுக்குக் குடுத்துருங்களேன்" என்றார். ஒரு காளை புதனுக்குப் போனது, ஒன்று பூமிக்கு. ஜோடி என்றாலும் கயிறு பிணைக்கவில்லை. செவ்வாய்க்கு நஞ்சுண்டன், தன் செவலைக்காளையோடு. சிவப்பு மாடுதான் செவ்வாய்க்குப் பொருத்தம் என்று ராசாத்தாள் சொன்னதில் அவருக்கு ஒரே சந்தோஷம். சுக்கிரனுக்கு மயிலைப் பசு. அது பழகின மாடு, ஆள் வேண்டாம்.

புதனாக ஓட முன்வந்தவர் கோழி வியாபாரம் செய்த ரசாக். சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவர், சுறுசுறுப்பு. "ஊரே ஆட்டைத் தின்னு முடிச்சுது. என்ற கோழியை ஒருத்தரும் கேக்கலை. நானாவது ஓடறேன்" என்றார். பூமி நான்தான். சந்திரனுக்காக ஒரு ஆட்டுக்குட்டியை என் இடுப்பில் கட்டிவிட்டார்கள். கேதுவுக்கு உடம்பே கிடையாது, சந்திரன் வழி குறுக்கே வெட்டுகிற இடத்துக்கு அது ஒரு பெயர்தான் என்று சொன்னேன். "அப்ப ஆள் தேட வேண்டாம், மிச்சம்" என்றார் ராசாத்தாள்.

மிச்சம் சனி.

யாரும் வரவில்லை. வேடிக்கை, விளையாட்டு என்று சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கீழே பார்த்தார்கள். சனியாக நிற்பதா, அதுவும் சனிக்கிழமை, அதுவும் இந்தச் சனிக்கிழமையா? நஞ்சுண்டன் மெதுவாகத் தன் காளைக் கயிற்றைப் பிடித்துத் திரும்ப ஆரம்பித்தார். ஒருத்தர் போனால் எல்லோரும் போய்விடுவார்கள். போர் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது.

ராசாத்தாள் நொண்டி எருதின் கயிற்றை அவிழ்த்தார். "நான் நடக்கறேனுங்க. என்னையப் பாக்காத சனியாங்க?" என்று சொல்லிவிட்டு, களத்தைத் தாண்டிக் காட்டுக்குள் போய் நாற்பத்தெட்டாவது எட்டில் நின்றார். அறுத்த சோளத்தட்டின் அடிக்கட்டை கத்தி மாதிரி நிற்கும். வெறுங்கால். திரும்பி எங்களைப் பார்த்து, "பூமி நடக்கலாமுங்களா?" என்றார்.

நஞ்சுண்டன் திரும்பி வந்தார்.

குருவும் சனியும் இருபது வருஷத்துக்கு ஒருமுறை சந்திப்பார்கள். அதனால் இருவரையும் ஒரே நேரில் நிற்க வைத்து, அதை இருபது வருஷத்துக்கு முந்தின சந்திப்பாக வைத்துக்கொண்டோம். அங்கிருந்து நான் இருபது சுற்று. நான் ஒன்று சுற்றினால் ரசாக் நாலு சுற்றாக வேண்டும். பாலுசாமி பன்னிரண்டில் ஒரு பங்கு நகர வேண்டும், ராசாத்தாள் முப்பதில் ஒரு பங்கு. என்னை இழுத்துக்கொண்டு போன காங்கேயம் காளை நான் பூமி என்பதைக் கொஞ்சமும் மதிக்கவில்லை. ஆட்டுக்குட்டி மூன்றாம் வருஷமே கயிற்றை அறுத்துக்கொண்டது. சந்திரன் அவரைச் செடி மேயப் போய்விட்டது. ரசாக், "யா அல்லா, புதனுக்கு மூச்சே உட நேரமில்லீங்களா!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

நடுவில் ஒரு அதிசயம். உள்வட்டத்தில் நான் நஞ்சுண்டனைத் தாண்டிப் போகும்போது, அவர் முன்னால் நடந்துகொண்டிருக்கையிலேயே, தூரத்துப் பனைமரத்தை வைத்துப் பார்த்தால் செவலை பின்னால் போவதுபோலத் தெரிந்தது. சொன்னேன். பாலுசாமி நின்ற இடத்திலேயே, "வக்கிரம்! பஞ்சாங்கத்துல வக்கிரம்னு போடறது இதுதானுங்களா? அவன் பின்னால போறதே இல்லீங்களா?" என்றார்.

"போறதில்லீங்க. நாம அவனை முந்தறோம்."

"அட கெரகமே!" என்றார் குரு.

இருபதாவது சுற்றில் பாலுசாமி ஒரு முழுச் சுற்று முடித்து, இன்னும் மூன்றில் இரண்டு பங்கு நடந்து, பின்னாலிருந்து வந்து ராசாத்தாளின் நேருக்கு வந்தார். ராசாத்தாள் அந்த மூன்றில் இரண்டு பங்கைத்தான் நடந்திருந்தார். மற்றவர்கள் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. அவர்கள் எல்லோரும் தாமாக ஒரே பக்கம் வர வேண்டுமென்றால் எத்தனையோ காலம் சுற்ற வேண்டும், அதனால்தான் இது அபூர்வம். நாங்கள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினோம். அறிவியலுக்கு நான் செய்த அந்தத் துரோகத்தை இப்போது சொல்லிவிட்டேன், மனசு லேசாயிற்று.

கம்பத்துக்கு இந்தப் பக்கம் பூமியாக நான். முன்னால் ரசாக், பிறகு கம்பம், கம்பத்துக்கு அந்தப் பக்கம் மயிலை, செவலை, பாலுசாமி, கடைசியில் ராசாத்தாள். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் ஒருத்தர் முதுகில் ஒருத்தர் ஒட்டிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. "கூடிட்டாங்க!" என்று கத்தினேன். பக்கவாட்டில் நின்ற கூட்டம் சிரித்தது. எங்கே கூடினார்கள்? ஒவ்வொருத்தருக்கும் நடுவே வண்டி போகலாம். பாலுசாமி திரும்பி, இருபத்திரண்டு எட்டுக்கு அப்பால் காட்டுக்குள் நிற்கிற ராசாத்தாளைப் பார்த்து, "நான் சனியைத் தொடவே இல்லையேப்பா!" என்றார்.

"இருபது வருசத்துக்கு முன்னால கூடுனீங்களே மாமா, அன்னிக்கு ஒலகம் அழிஞ்சுதுங்களா?" என்று ராசாத்தாள் அங்கிருந்து கேட்டார்.

"அந்த வருசந்தான் எனக்குக் கல்யாணம்" என்றார் பாலுசாமி. "எனக்கு அழிஞ்சுது, ஊருக்கு ஒண்ணும் ஆகலை."

அப்புறம் யாரை நிறுத்த முடியும்? ஆளாளுக்குப் பூமி நின்ற இடத்தில் வந்து நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து காட்ட வேண்டும். ஒரு ஆளுக்கு இருபது வருஷம். காளைகள் சுற்றின, மயிலை சுற்றியது, ரசாக் பறந்தார். சனிக்குத்தான் நிதானமான நடையாயிற்றே, ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ராசாத்தாள் களத்துக்கு ஓடிவந்து கதிரைப் புரட்டிவிட்டு மறுபடியும் காட்டுக்குள் ஓடுவார். நட்சத்திரத்தைக் கலைத்துவிடுகிறாராம்.

பொழுதோட, வெயில் சாய்கிற நேரத்தில், மில் சங்கு ஊதியது. பாலுசாமி களத்துக்குள் வந்து, எதையோ மிதித்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்காலெல்லாம் சோளம். குனிந்து ஒரு கை அள்ளினார். முத்து முத்தாக மணி, கதிரில் ஒன்று மிச்சமில்லை. களத்தைச் சுற்றிப் பார்த்தார். தன் காளைகளைப் பார்த்தார்.

"அடி ராசாத்தா! தாம்பு ஓட்டிப்போட்டியே!"

"நானுங்களா மாமா? கிரகங்க ஓட்டுச்சுங்க. கயிறே பிணைக்கலீங்களே!"

பாலுசாமி ராசாத்தாளின் காலைப் பார்த்தார். காட்டுக்குள் நடந்து நடந்து முழங்கால் வரைக்கும் கீறல், ரத்தம் காய்ந்து கிடந்தது. கையிலிருந்த மணியை மெதுவாகக் களத்தில் போட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நாளைக்குக் காத்து மேக்கால இருந்து வரும். தூத்தறதுக்கு என்ற ஊட்டுல இருந்து ரெண்டு ஆள் அனுப்பறேன்" என்றார். காட்டைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதற்கப்புறம் ஒருநாளும் பேசவில்லை. மாசியில் சென்னியம்மாளைப் பார்க்க வந்தபோது, போகிற போக்கில், தன் காட்டில் என்ன விதைக்கலாம் என்று ராசாத்தாளிடம் கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிறு வந்தது, திங்கள் வந்தது. உலகம் இருந்தது. குரு சனியை விட்டு விலகித் தன் வழியில் போய்க்கொண்டிருந்தார்.

நான் பார்த்த பெரிய மனுஷர்கள் நிறைய. ஆனால் என் தப்பு உவமையைக் கேட்ட உடனே அதன் ஓட்டையைக் கண்டுபிடித்து, அந்த ஓட்டை வழியாகவே தன் வருஷத்துச் சோற்றை வீட்டுக்குக் கொண்டுவந்த ஆள் ராசாத்தாள் ஒருத்தர்தான். ஊரே நடுங்கிய அந்த நாளில், சனி என்று பெயர் சொல்லவே கூசிய இடத்தில், துளிப் பயமில்லாமல் சனியாகப் போய் நின்றார்.

இதுவரை எழுதியதை, போத்தனூரில் மகள் வீட்டிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்த ராசாத்தாளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மடியில் முறத்தை வைத்து மொச்சை உரித்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் தொண்டையைச் செருமினார்.

"டீச்சர், முன்னூத்தி அறுவது இல்லீங்க. நான் சுத்துக்கு ஒரு சோளமா மடியில போட்டு எண்ணிட்டிருந்தேன். பதினேழு ஆளுக்கு முழுசா நடந்தீங்க. பதினெட்டாவது ஆளுக்கு மூணு சுத்து நடந்து, கால் வலிக்குதுன்னு உக்காந்துபோட்டீங்க. முன்னூத்தி நாப்பத்தி மூணு. மிச்சம் பதினேழும் பூமியா நடந்தது ரசாக்கு ஊட்டுப் பொண்ணு சித்திகாங்க."

"சரி, மாத்திடறேன் அக்கா."

"இன்னொண்ணும் தப்பா எழுதிப்போட்டீங்க."

"என்னங்க?"

ஒரு மொச்சையை உரித்து முறத்தில் போட்டார், இன்னொன்றை எடுத்தார்.

"பயமில்லாமப் போய் நின்னேன்னு. எனக்கு நெம்பப் பயமுங்க. ஜோசியரு சொன்னது நெசமா இருந்துட்டா பாப்பாவுக்கு யாருன்னு நெனச்சு நெனச்சுத்தான் ஒவ்வொரு எட்டும் வெச்சேன். ஆனா போருக்குள்ள கைய உட்டாச் சுட்டுதுங்களே."